ஓர் அடி எடுத்து வைத்தாரா? கோரனாடோ டேசர் வழக்கு

2005 ஜூலை 24, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை மணி. கலிஃபோர்னியாவில் சான் டியேகோவை ஒட்டியுள்ள கோரனாடோ பாலத்தைத் தாண்டி ஒரு கார் வருகிறது. ஓட்டுபவருக்கு 21 வயது. பக்கத்தில் அவருடைய தம்பி.

அந்த இளைஞருக்கு அன்று விடிந்ததே சரியில்லை. அவருடைய கார் சாவியை உறவினரின் தோழி முந்தைய நாள் தவறுதலாக லாஸ் ஏஞ்சலஸுக்கு எடுத்துப் போய்விட்டார். விடியற்காலையில் எழுந்து, இரவு படுத்திருந்த டி-ஷர்ட்டும் பாக்ஸர் உள்ளாடையுமாகவே போய்ச் சாவியை வாங்கிக்கொண்டு காமரில்லோ ஊருக்குத் திரும்பினார். அங்கிருந்து தம்பியை ஏற்றிக்கொண்டு கோரனாடோவில் இருக்கும் பெற்றோர் வீட்டுக்குக் கிளம்பினார். வழியில் 405 நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டியதற்காக அபராதச் சீட்டு கிடைத்தது. அதில் நொந்துபோய் அழுதிருக்கிறார். முகத்தைத் துடைக்க டி-ஷர்ட்டைக் கழற்றியவர் மறுபடி போட்டுக்கொள்ளவில்லை. சீட் பெல்ட்டையும் போட மறந்துவிட்டார்.

பாலத்தைத் தாண்டிய சந்திப்பில் சீட் பெல்ட் சோதனைக்காகவே ஒரு போலீஸ் அதிகாரி நின்றிருந்தார். காரை நிறுத்தி, எதற்காக நிறுத்தினேன் தெரியுமா என்று கேட்டார். இளைஞருக்குத் தெரியும். பதில் சொல்லாமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். ரேடியோ சத்தத்தைக் குறைக்கச் சொன்னார் அதிகாரி, குறைத்தார். ஓரம் கட்டச் சொன்னார், கட்டினார். ஆனால் ஒரே காலையில் இரண்டாவது அபராதம் என்ற எரிச்சலில் ஸ்டியரிங்கில் குத்தித் தன்னைத்தானே திட்டிக்கொண்டார். பிறகு கதவைத் திறந்து வெளியே வந்து நின்றார். உடம்பில் பாக்ஸரும் காலில் ஷூவும் மட்டும். ஏதோ புரியாதபடி கத்திக்கொண்டு தொடையில் அடித்துக்கொண்டிருந்தார்.

எந்த எச்சரிக்கையும் வரவில்லை. கம்பி கட்டிய முட்களைப் பாய்ச்சி உடம்புக்குள் மின்சாரம் செலுத்தும் டேசர் என்ற கருவியை அதிகாரி எடுத்துச் சுட்டார். ஒரு முள் இளைஞரின் இடது மேற்கையில் பாய்ந்தது. உடம்பு விறைத்து, கையை ஊன்றக்கூட முடியாமல் முகம் தரையில் மோத விழுந்தார். நான்கு பற்கள் உடைந்தன. முகமெல்லாம் காயம். சதையில் சிக்கிய முள்ளை மருத்துவமனையில் கத்தி வைத்து எடுக்க வேண்டியிருந்தது.

இவ்வளவும் ஒரு சீட் பெல்ட்டில் தொடங்கியது.

இந்த வழக்கு சட்டப் புத்தகங்களில் ‘பிரையன் எதிர் மெக்ஃபெர்சன்’ என்று இருக்கிறது. நான் இனி இளைஞர், அதிகாரி என்றே எழுதுகிறேன். இந்த வழக்கில் யார் யார் என்பதைவிட யார் எங்கே, எந்தப் பக்கம் பார்த்து நின்றார்கள் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. கொல்லாத ஆயுதம் என்று நாம் அழைக்கும் கருவிகளைக் காவல்துறை எப்போது எடுக்கலாம், எப்போது எடுக்கவே கூடாது என்று யோசிக்கிற எவருக்கும் முதலில் இந்த வழக்கைத்தான் படிக்கச் சொல்வேன். எல்லையை இவ்வளவு தெளிவாகக் கோடு போட்டுக் காட்டிய தீர்ப்புகள் குறைவு. கோட்டைக் காட்டிய அதே தீர்ப்பு, அதைத் தாண்டியவரைப் போகவும் விட்டது. அந்தப் பகுதிக்குப் பிறகு வருகிறேன்.

வழக்கு நீதிமன்றத்துக்கு வந்த விதம்

முதலில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர் இளைஞர்தான். அதிகாரியின் பணியைத் தடுத்தார், எதிர்த்தார் என்று வழக்கு. பொதுமக்களில் இருந்து அமைக்கப்பட்ட நடுவர் குழுவான ஜூரி ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. அதன்பிறகு அரசுத் தரப்பே குற்றச்சாட்டைக் கைவிட்டது.

அப்புறம் அவர் 1871-ஆம் ஆண்டின் ஒரு சட்டத்தைக் கையில் எடுத்தார். அரசு அதிகாரத்தைப் பயன்படுத்தி ஒருவரின் அரசியலமைப்பு உரிமையைப் பறிக்கும் அலுவலர்மீது இழப்பீடு கேட்டு வழக்குப் போட அமெரிக்காவில் வழிசெய்யும் சட்டம் அது. வழக்கறிஞர்கள் ‘பிரிவு 1983’ என்றே சொல்வார்கள். பறிக்கப்பட்டதாக அவர் சொன்னது அமெரிக்க அரசியலமைப்பின் நான்காவது திருத்தம் தரும் உரிமை, அதாவது நியாயமற்ற முறையில் பிடிக்கப்படாமல் இருக்கும் உரிமை. ஒருவரைப் பிடிப்பது சரியாக இருந்தாலும், பிடிக்கும்போது மிஞ்சிய பலத்தைப் பயன்படுத்தினால் அந்தப் பிடிப்பே நியாயமற்றதாகிவிடும்.

மாவட்ட நீதிமன்றம் நகர நிர்வாகத்தையும் காவல்துறையையும் வழக்கிலிருந்து விடுவித்தது. அதிகாரியை விடுவிக்க மறுத்தது. அவர் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார். கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஹவாய் உட்பட ஒன்பது மாநிலங்கள் அந்த நீதிமன்றத்தின் கீழ் வருகின்றன.

ஒரு நடைமுறை விஷயத்தை இங்கே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். விசாரணை தொடங்கும் முன்பே அதிகாரி விடுதலை கேட்கிறார். அந்தக் கட்டத்தில் இரு தரப்பும் முரண்படும் இடங்களில் வழக்குப் போட்டவர் சொல்வதை உண்மை என்று வைத்துக்கொண்டுதான் நீதிபதிகள் பார்க்க வேண்டும். இந்த வழக்கில் முரண்பாடு மிகச் சிறியது. இளைஞர் வாயால் மிரட்டவில்லை, ஓட முயலவில்லை, 20 முதல் 25 அடி தூரத்தில் நின்றார் என்பதை அதிகாரியே ஒப்புக்கொண்டார். காரைவிட்டு இறங்காதே என்று சொன்னதாக அதிகாரி சொல்ல, அது காதில் விழவில்லை என்றார் இளைஞர். மிச்சமிருந்தது ஒரே கேள்வி. இளைஞர் அதிகாரியை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தாரா?

வைத்தார் என்றார் அதிகாரி. இல்லை என்றார் இளைஞர். முள்ளோ கையின் பக்கவாட்டில் தைத்திருந்தது. ஒருவரை நோக்கி நடந்து வருபவர் அவருக்கு மார்பைக் காட்டித்தான் வருவார். சம்பவ இடத்துச் சான்றுகளைப் பார்த்தால், சுடப்பட்ட நேரத்தில் இளைஞர் அதிகாரியின் பக்கம் முகம் காட்டியே நிற்கவில்லை என்று தெரிந்தது. சாட்சிகள் சொல்வது ஒரு பக்கம் இருக்கட்டும், முள் தைத்த இடம் பொய் சொல்லாது. பலப்பிரயோக வழக்குகளில் இப்படிப்பட்ட சின்ன உடற்சான்றுகளை நான் மிகவும் மதிக்கிறேன். பதற்றத்தில் மனிதர்களுக்கு நினைவு தவறும். அது இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும்.

கையில் இருந்த கருவி

அன்று பயன்படுத்தப்பட்டது டேசர் எக்ஸ்26. அது வேலை செய்யும் விதத்தைத் தீர்ப்பு விரிவாகவே விளக்குகிறது, அது வீண் விவரம் இல்லை. அழுத்தப்பட்ட நைட்ரஜன் வாயு இரண்டு முட்களை நொடிக்கு 160 அடிக்கும் மேலான வேகத்தில் தள்ளுகிறது. மணிக்குச் சுமார் 175 கிலோமீட்டர். முனையில் கொக்கி போன்ற எஃகு முள். பின்னால் மெல்லிய கம்பி. முட்கள் தைத்ததும் கம்பி வழியாக மின்துடிப்புகள் உடம்புக்குள் போகின்றன. ஒருமுறை விசையை அழுத்தினால் வழக்கமாக ஐந்து நொடிகள் ஓடும்.

அந்த ஐந்து நொடியில் மூளை சொல்வதைத் தசைகள் கேட்பதில்லை. உடம்பு முழுக்கத் தாங்க முடியாத வலி பரவுகிறது. கருவியின் நோக்கமே அதுதான், செயலிழக்க வைப்பது. செயலிழந்த உடம்பு விழத்தான் செய்யும். புல்தரையில் நின்றவர் புல்லில் விழுவார், தார்ச்சாலையில் நின்றவர் தாரில் விழுவார், படிக்கட்டில் நின்றவரின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. கீழே விழும்போது கையை நீட்டித் தடுப்பது நாம் யோசித்துச் செய்வதில்லை, உடம்பு தானாகச் செய்வது. டேசர் பாய்ந்தவருக்கு அந்தத் தற்காப்பும் போய்விடுகிறது.

எனவே உடைந்த பற்களைத் தற்செயல் என்று ஒதுக்க நீதிமன்றம் சம்மதிக்கவில்லை. கடினமான தரையில் நிற்பவரைச் செயலிழக்க வைத்தால் அடிபடும் என்பது எந்த அதிகாரிக்கும் முன்கூட்டியே தெரியக்கூடிய ஒன்று. வலியின் அளவு, உடம்பில் ஏற்படும் விளைவு, எதிர்பார்க்கக்கூடிய காயம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, மிளகு ஸ்ப்ரே போல அதுவரை தாங்கள் பார்த்திருந்த கொல்லாத முறைகளைவிட இது கடுமையான ஊடுருவல் என்று நீதிபதிகள் முடிவு செய்தார்கள். துப்பாக்கிக்குக் கீழே, வெறும் கைப்பிடிக்கு மேலே, நடுத்தரமான ஆனால் கணிசமான பலம் என்று வரையறுத்தார்கள். அவ்வளவு பலத்தைப் பயன்படுத்த அதற்கேற்ற வலுவான காரணம் அரசிடம் இருக்க வேண்டும்.

எனக்கு இந்த இடம்தான் தீர்ப்பின் இதயம். ‘கொல்லாத’ என்ற அடைமொழி, சாவு வரவில்லை என்பதைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை. கண் போனதா, பல் போனதா, எவ்வளவு வலித்தது என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் மறைந்துவிடும். சாவு வராது என்பதற்கும் உறுதி கிடையாது. இதனால்தான் ஐக்கிய நாடுகள் அமைப்பின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டி இவற்றைக் ‘குறைவாகக் கொல்லும் ஆயுதங்கள்’ என்று சொல்கிறது. கேட்கச் சங்கடமான சொல்தான், ஆனால் உண்மையான சொல்.

மூன்று கேள்விகள்

பலம் மிஞ்சியதா என்று பார்க்க அமெரிக்க நீதிமன்றங்கள் கையாளும் அளவுகோல் 1989-இல் கிரஹாம் எதிர் கானர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்தது. அதுவும் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு மனிதரின் கதைதான். சர்க்கரை குறைந்துபோன நீரிழிவு நோயாளி, ஆரஞ்சு ஜூஸ் வாங்கக் கடைக்குள் ஓடி, நீண்ட வரிசையைப் பார்த்துவிட்டு உடனே வெளியே ஓடிவர, அதைச் சந்தேகப்பட்ட போலீஸ் அவரைப் பிடித்தது, அந்தப் பிடியில் அவருக்குக் கால் எலும்பு முறிந்தது. அதிகாரியின் மனத்தில் கெட்ட எண்ணம் இருந்ததா என்று தோண்ட வேண்டாம் என்றது நீதிமன்றம். அந்த இடத்தில் நின்ற ஒரு நியாயமான அதிகாரி இப்படிச் செய்திருப்பாரா என்று மட்டும் பார்க்க வேண்டும். பின்னால் உட்கார்ந்துகொண்டு சாவகாசமாகக் குறை சொல்லவும் கூடாது. இந்தக் கடைசி எச்சரிக்கை நியாயமானது. தெருவில் நிற்பவருக்கு யோசிக்க நொடிகள்தான் கிடைக்கும்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் இவை: குற்றம் எவ்வளவு பெரியது, அதிகாரிக்கோ மற்றவர்களுக்கோ உடனடி ஆபத்து இருந்ததா, பிடிபடுபவர் தீவிரமாக எதிர்த்தாரா அல்லது ஓடப் பார்த்தாரா.

முதல் கேள்வியில் பேச அதிகம் இல்லை. சீட் பெல்ட். பின்னால் சேர்த்த குற்றச்சாட்டுகளும் சிறு குற்றங்கள்தான்.

இரண்டாவதுதான் கனமானது. அதிகாரி தரப்பு என்ன சொன்னது? இளைஞர் கத்தினார், தன்னைத்தானே அடித்துக்கொண்டார், அரைகுறை உடையில் நின்றார், அடுத்து என்ன செய்வார் என்று கணிக்க முடியவில்லை. சரி, எந்த அதிகாரியும் அங்கே உஷாராகத்தான் இருந்திருப்பார். நீதிபதிகளும் அதை மறுக்கவில்லை. ஆனால் உஷாராக இருப்பது வேறு, சுடுவது வேறு. இளைஞரிடம் ஆயுதம் இல்லை. பாக்ஸர் மட்டும் போட்டவர் ஆயுதத்தை மறைத்து வைக்கவும் இடமில்லை. அவர் அதிகாரியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, அவர் பக்கம் பார்க்கவும் இல்லை. இடையில் ஆறேழு மீட்டர் இடைவெளி. வினோதமாக நடந்துகொள்கிறார் என்பதும் ஆபத்தானவர் என்பதும் ஒன்றில்லை. நிலைமையைச் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் மட்டும் இந்த அளவு பலத்துக்குக் காரணமாகாது என்று தீர்ப்பு சொல்கிறது. பயிற்சி வகுப்புகளில் முதலில் சொல்லித்தர வேண்டிய வரி அது என்பேன்.

மூன்றாவது, எதிர்ப்பு. காரிலேயே இரு என்ற சொல்லைக் கேட்காததுதான் எதிர்ப்பு என்றால், அது மிக மிதமான எதிர்ப்பு. கைகலப்பு இல்லை, ஓட்டம் இல்லை. சொன்னதைச் செய்யாமல் நிற்பவரும் அடிக்க வருபவரும் ஒரே தட்டில் வைக்கப்படுவதை நீதிமன்றம் ஏற்கவில்லை.

இந்த மூன்றோடு அளவுகோல் முடிந்துவிடுவதில்லை. எச்சரித்தாரா என்று பார்த்தார்கள். இல்லை, எச்சரிக்க நேரம் இருந்தும். வேறு வழி இருந்ததா என்று பார்த்தார்கள். கூடுதல் அதிகாரிகள் வந்துகொண்டிருந்தார்கள், சற்றுக் காத்திருந்திருக்கலாம்.

அதிகாரி தரப்பு வைத்த ஒரு வாதம் அவர்களுக்கே எதிராகத் திரும்பியது. இளைஞருக்கு மனநிலை சரியில்லை என்று நினைத்தேன், அதனால் ஆபத்தாகத் தோன்றியது என்றார் அதிகாரி. அப்படி நினைத்திருந்தால் இன்னும் பொறுமையாக அல்லவா நடந்திருக்க வேண்டும் என்று கேட்டது நீதிமன்றம். மனம் குலைந்து நிற்பவருக்குத் தேவை உதவி. ஆபத்தான குற்றவாளியை மடக்கும் உத்தியை அவர்மேல் காட்டினால் நிலைமை மோசமாகத்தான் போகும். தன் நோயாலோ துக்கத்தாலோ தெருவில் கத்துகிற ஒருவரை நெருக்கமாகப் பார்த்தவர்களுக்கு இந்த வரியின் அருமை தெரியும். அந்த நேரத்தில் அவர்களுக்கு வேண்டியது கொஞ்சம் இடைவெளி, கொஞ்ச நேரம், தணிந்த ஒரு குரல்.

இரண்டு தீர்ப்புகள்

2009 டிசம்பர் 28 அன்று ஹாரி பிரெகெர்சன், ஸ்டீஃபன் ரைன்ஹார்ட், கிம் மெக்லேன் வார்ட்லா ஆகிய மூவர் அமர்வு தீர்ப்பளித்தது. எழுதியவர் வார்ட்லா. பலம் மிஞ்சியது, அதிகாரிக்கு விலக்கு இல்லை, வழக்கை ஜூரி விசாரிக்கலாம். காவல்துறைகள் டேசர் கொள்கைகளைத் திரும்ப எடுத்துப் பார்க்கத் தொடங்கும் அளவுக்கு அது பேசப்பட்டது.

ஆறு மாதம்கூட ஆகவில்லை. 2010 ஜூன் 18 அன்று அதே மூவரும் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றுப் புதிதாக ஒன்றை வெளியிட்டார்கள். பலம் மிஞ்சியது என்ற பகுதி அப்படியே இருந்தது. முடிவு மட்டும் மாறியது. அதிகாரிக்கு விலக்கு உண்டு.

இந்த விலக்குக்குக் குவாலிஃபைட் இம்யூனிட்டி என்று பெயர். நிபந்தனைக்கு உட்பட்ட விலக்குரிமை என்று வைத்துக்கொள்ளலாம். அரசு அலுவலர் ஒருவர் உரிமையை மீறினார் என்று காட்டினால் மட்டும் இழப்பீடு வந்துவிடாது. அவர் செய்தது தவறு என்பது, செய்த நாளிலேயே எந்த நியாயமான அலுவலருக்கும் தெரியும்படி சட்டத்தில் தெளிவாக நிலைபெற்றிருக்க வேண்டும். 1982-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த சோதனை இது. 2005 ஜூலை 24 அன்று, டேசர் முட்களைச் சுடுவது எந்த அளவு பலம் என்று உச்ச நீதிமன்றமோ இந்த வட்டார நீதிமன்றமோ சொல்லியிருக்கவில்லை. இதற்கிடையே 2010 தொடக்கத்தில் இதே நீதிமன்றத்தின் வேறு இரண்டு அமர்வுகள், 2004-இல் நடந்த ஒரு சியாட்டில் சம்பவத்திலும் 2006-இல் நடந்த ஒரு ஹவாய் சம்பவத்திலும், டேசர் பற்றிய சட்டம் அப்போது போதிய தெளிவுடன் இல்லை என்று தீர்ப்பளித்துவிட்டன. அதைப் பார்த்துவிட்டுத்தான் மூவரும் பின்வாங்கினார்கள்.

நான் முதல் தீர்ப்பின் பக்கம். காரணம் சொல்கிறேன். டியோர்ல் எதிர் ரதர்ஃபோர்ட் என்று 2001-இல் அதே நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. அந்தத் தீர்ப்பை எழுதியவர் இதே அமர்வில் இருந்த ரைன்ஹார்ட். மனம் நொந்து, குடித்துவிட்டு, தன் வீட்டு வளாகத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருந்த ஒருவரை நோக்கி, ஈயக்குண்டுகளைத் துணிப்பையில் பொதிந்த ‘பீன்பேக்’ குண்டை ஷாட்கன்னில் வைத்து எச்சரிக்கை இல்லாமல் சுட்டார் ஓர் அதிகாரி. முகத்தில் பட்டு ஒரு கண் போனது. ஆயுதமில்லாத, பெரிய குற்றம் செய்யாத, மனக்கலக்கத்தில் இருக்கிற, தப்பி ஓடப் பார்க்காத, உடனடி ஆபத்து தராத ஒருவரை எச்சரிக்காமல் இப்படிச் சுடக் கூடாது என்பது எந்தப் போலீஸ் அதிகாரிக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று அங்கே சொல்லியாயிற்று. கோரனாடோவில் நடந்ததற்கு நான்கு வருடம் முன்பே. அந்தப் பட்டியலை வரிசையாக அந்த இளைஞர்மேல் வைத்துப் பாருங்கள், ஒவ்வொன்றும் பொருந்தும். மாறியது துப்பாக்கிக்குள் இருந்த பொருள் மட்டும். துணிப்பைக்குச் சொன்னது மின்முள்ளுக்குப் பொருந்தாது என்று சொன்னால், சந்தைக்கு வரும் ஒவ்வொரு புதுக் கருவிக்கும் முதல் பலி இலவசம் என்று ஆகிவிடும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2004-இல் பதினொன்றாவது வட்டார நீதிமன்றம் ஜார்ஜியாவில் நடந்த ஒரு வாகனச் சோதனையில் டேசர் பயன்படுத்தியது சரி என்று தீர்ப்பளித்திருந்தது. அங்கே லாரி ஓட்டுநர் ஆவணங்களைக் கொண்டுவர ஐந்து முறை கேட்டும் மறுத்துக் கோபமாக வாதாடிக்கொண்டிருந்தார். இரண்டு சம்பவங்களும் ஒன்றில்லை. ஆனாலும் 2005-இல் ஓர் அதிகாரி சட்டப் புத்தகத்தைப் புரட்டியிருந்தால் டேசரைப் பற்றிக் கிடைத்திருப்பது இந்த மாதிரித் தீர்ப்புதான் என்ற வாதத்தில் அர்த்தமில்லாமல் இல்லை.

அந்தப் பின்வாங்கலிலும் ஒன்றுக்காக நீதிபதிகளுக்கு நன்றி சொல்ல வேண்டும். 2009-இல் உச்ச நீதிமன்றம் ஒரு சலுகை தந்திருந்தது. உரிமை மீறப்பட்டதா என்ற முதல் கேள்வியைத் தொடாமலே, சட்டம் தெளிவாக இல்லை என்ற இரண்டாவது கேள்வியிலேயே வழக்கை முடித்துக்கொள்ளலாம். அப்படி முடித்தால் சட்டம் எப்போதும் தெளிவாகாது. அடுத்தவர் வந்தாலும் அதே பதில்தான் கிடைக்கும். இந்த மூவரும் குறுக்குவழியில் போகாமல் முதல் கேள்விக்குப் பதில் எழுதிவைத்தார்கள். இளைஞருக்கு ஒரு பைசா கிடைக்கவில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் வருபவர்களுக்கு ஒரு விதி கிடைத்தது.

அதே கோடு, வேறு கருவிகள்

மிளகு ஸ்ப்ரே. 1997-இல் வடக்குக் கலிஃபோர்னியாவின் ஹம்போல்ட் மாவட்டத்தில் காடழிப்பை எதிர்த்தவர்கள் இரும்புக் குழாய்க்குள் கைகளைக் கோத்துப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். யாரையும் தாக்கவில்லை, எழுந்து ஓடவும் முடியாது. காவலர்கள் மிளகுத் திரவத்தைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு அவர்களின் கண்ணிமைகளில் தடவினார்கள். காவல்துறையே அதை வீடியோ எடுத்திருக்கிறது. இரண்டு ஜூரிகள் முடிவெடுக்க முடியாமல் கலைந்தன. 2005-இல் மூன்றாவது ஜூரி, பலம் மிஞ்சியது என்று சொல்லி ஆளுக்கு ஒரு டாலர் கொடுத்தது. அந்த வீடியோவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். கட்டுப்பட்டு உட்கார்ந்திருப்பவரின் இமையை விலக்கித் தடவுவதில் அவசரமும் இல்லை, பயமும் இல்லை. வலி மட்டுமே அங்கே நோக்கம்.

பெப்பர்பால் எனப்படும் மிளகுத்தூள் குண்டு. 2004-இல் டேவிஸ் நகரில் மாணவர்கள் கூடிய ஒரு விருந்தைக் கலைக்க வந்த போலீஸ் சுட்டதில் ஒரு மாணவரின் கண்ணில் பட்டது. வெளியேறச் சொன்னதைக் கூட்டம் சரியாகக் கேட்டதா என்பதே சந்தேகம். 2012-இல் ஒன்பதாவது வட்டார நீதிமன்றம் விலக்கு தர மறுத்தது. இப்படிப் பாயும் குண்டுகளைப் பற்றி ஐ.நா. வழிகாட்டி சொல்வது சுருக்கமானது: வன்முறையில் இறங்கிய குறிப்பிட்ட நபரை மட்டும் குறிவைக்க வேண்டும், அதுவும் அடிவயிற்றிலோ காலிலோ. கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகச் சுடுவதற்கு அதில் இடமே இல்லை.

சியாட்டிலில் 2004 நவம்பரில் நடந்ததுதான் டேசர் வழக்குகளில் என்னை அதிகம் உலுக்கியது. ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் மகனைப் பள்ளியில் விடப் போய்க்கொண்டிருந்தார். 20 மைல் வரம்புள்ள இடத்தில் 32 மைல் வேகம் என்று நிறுத்தினார்கள். சீட்டில் கையெழுத்துப் போட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நினைத்து அவர் மறுத்தார். காரைவிட்டு இறங்கவும் மறுத்தார். கர்ப்பமாக இருக்கிறேன் என்று சொன்னார். எங்கே வைப்பது என்று அதிகாரிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். வயிற்றில் வேண்டாம், தொடையில் வை என்றார் ஒருவர். தொடை, கை, கழுத்து என்று ஒரு நிமிடத்துக்குள் மூன்று முறை டேசரை நேரடியாக உடம்பில் அழுத்தினார்கள். யோசிக்க நேரம் இல்லை என்று இங்கே யார் சொல்ல முடியும்? இடத்தைத் தேர்ந்தெடுக்கவே நேரம் இருந்திருக்கிறது. 2011-இல் கூடுதல் நீதிபதிகள் அமர்ந்து, ஹவாய் சம்பவத்தோடு சேர்த்து இதை மறுபடி விசாரித்தார்கள். இரண்டிலும் பலம் மிஞ்சியது. இரண்டிலும் அதிகாரிகளுக்கு விலக்கு. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது என்பது மட்டும் ஆறுதல்.

அதே 2011-இல் அமெரிக்கக் காவல்துறைகளுக்காக நீதித்துறையின் ஆதரவோடு வெளியான வழிகாட்டிக் குறிப்புகள், ஒருவர்மேல் 15 நொடிக்கு மேல், அதாவது மூன்று சுற்றுக்கு மேல், மின்சாரம் பாய்ந்தால் கடும் காயமோ சாவோ நேரும் அபாயம் கூடலாம் என்று எச்சரித்தன. எத்தனை முறை, எத்தனை நொடி என்பதில் வாய்ச்சண்டைக்கு அதிக இடமில்லை. விசை அழுத்தப்பட்ட தேதி, நேரம், கால அளவு மூன்றையும் எக்ஸ்26 தனக்குள்ளேயே பதிந்து வைக்கும். வழக்கு நடத்துபவர்கள் முதல் நாளே கேட்டு வாங்க வேண்டிய ஆவணம் அது. உடலில் முள் தைத்த இடங்களின் படம், நின்ற இடத்துக்கும் விழுந்த இடத்துக்கும் உள்ள அளவு, எச்சரிக்கை கேட்டதா என்று அக்கம்பக்கத்தில் நின்றவர்களின் வாக்குமூலம், வேறு அதிகாரிகள் எத்தனை நிமிடத்தில் வந்தார்கள் என்ற வயர்லெஸ் பதிவு ஆகியவையும் அப்படித்தான். கோரனாடோ வழக்கில் நீதிபதிகள் சாய்ந்துகொண்டது இந்த மாதிரிச் சான்றுகளில்தான்.

பைன்ஹர்ஸ்ட், 2016

வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் என்ற சிற்றூரில் 2011-இல் மனநோயாளி ஒருவரை அவருடைய சகோதரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். பாதியில் அவர் வெளியேறிவிட்டார். கட்டாயச் சிகிச்சைக்கான உத்தரவு கையெழுத்தாகும் வரை போலீஸார் அவரோடு அமைதியாகப் பேசிக்கொண்டே நின்றிருந்தார்கள். உத்தரவு வந்தது. அவர் பக்கத்தில் இருந்த சாலைப் பலகையின் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். சுமார் அரை நிமிடம்தான் விட்டுவைத்தார்கள். பிறகு இரண்டு நிமிடத்துக்குள் ஐந்து முறை டேசர். கம்பத்திலிருந்து பிய்த்தெடுத்து, தரையில் அமுக்கி, விலங்கு பூட்டினார்கள். சற்று நேரத்தில் அவர் அசைவில்லாமல் கிடந்தார். இறந்துபோனார்.

2016 ஜனவரியில் நான்காவது வட்டார நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோரனாடோவில் வரைந்த கோடு இங்கே இன்னும் அழுத்தமாக விழுந்தது. டேசர் கடுமையான, காயப்படுத்தும் பலம். டேசரால் தணிக்கக்கூடிய உடனடி ஆபத்து ஒன்று நியாயமான அதிகாரியின் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டுமே அதை எடுக்கலாம். கம்பத்தைக் கட்டிப் பிடித்து அசையாமல் இருப்பது எதிர்ப்பாக இருக்கலாம், ஆபத்து ஆகாது. தன் வட்டாரத்தில் உள்ள எல்லாக் காவல் அதிகாரிகளுக்கும் இதுவே அறிவிப்பு என்று நீதிமன்றம் வெளிப்படையாகச் சொன்னது. மேரிலாண்ட், வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா, வட கரோலினா, தென் கரோலினா ஆகிய ஐந்து மாநிலங்களில் அதன்பிறகு யாரும் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

2011-இல் சட்டம் இவ்வளவு தெளிவாக இல்லை என்று கூறி, அந்த அதிகாரிகளுக்கு விலக்கு தரப்பட்டது. இறந்தவரின் குடும்பம் தோற்றது.